பதினேழாவது கட்டம்

டெல்ஃபினா ஸ்நூக் தன் துப்பாக்கியை விற்க என் கடைக்கு வந்தது ஆகஸ்ட் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. காரிலிருந்து கடை வாசலுக்குப் பத்தடிதான் இருக்கும். அதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். துப்பாக்கியை ஊன்றுகோல் மாதிரி தரையில் ஊன்றிக்கொண்டு வந்தாள். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அவளே திட்டியிருப்பாள்.

“என்ன தருவ, ஆம்ப்?” என்றாள்.

என் பெயர் ஆம்ப்ரோஸ் கிரிட்ச். பெர்ரி டிக்கிள் என்ற எங்கள் ஊரில் ஆணி, கயிறு, தூண்டில், துப்பாக்கி எல்லாம் விற்கும் ஒரே கடை என்னுடையது. அவள் கொண்டுவந்தது 1943இல் செய்த லீ-என்ஃபீல்ட். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டிய பழைய ரகம். ஒரு போரைப் பார்த்துவிட்டு எங்கள் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கு வந்து, முப்பத்தொரு வருடம் டெல்ஃபினாவின் தோளில் கிடந்தது. இலையுதிர் காலம் வந்தால் அவள் ஒரு மூஸ் மானை அடிப்பாள். ஊரில் பாதி வீடுகளுக்கு அந்தக் கறி போகும். அவள் புருஷன் ஹெட்லி மிச்சத்தைப் புட்டிகளில் அடைத்து வைப்பான். அவன் கப்பல் சமையல்காரன். துப்பாக்கியைத் துணியால் துடைக்கக்கூட மாட்டான்.

“அறுநூறு போகும்,” என்றேன்.

“நூத்திருபது போதும். மலிவா இருந்தாத்தான் சீக்கிரம் போகும். வெளியூர்க்காரன் எவனாச்சும் வருவான், அவன் தலைல கட்டிரு. ஹெட்லிக்கு மட்டும் வித்துராத.”

“அவனுக்குச் சுடவே தெரியாதே.”

“தெரியாதுதான்.” சன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். காரில் யாரும் இல்லை. “நான் போனப்புறம் அந்த வீட்ல அவனும் அதுவும் மட்டும் தனியா இருக்க வேண்டாம் ஆம்ப். அவன் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டான். உள்ளுக்குள்ள மொத்தமா உடைஞ்சு போயிருப்பான், வெளிய பாத்தா சூப்பு கிண்டிட்டிருப்பான். சூப்பும் நல்லாத்தான் இருக்கும். அதனால ஒருத்தனுக்கும் தெரியாது.”

சரி என்றேன். அக்டோபரில் அவள் இறந்தாள்.

கொடுத்த வாக்கில் பாதியைத்தான் நான் காப்பாற்றினேன். ஹெட்லிக்கு விற்கவில்லை. வேறு யாருக்கும் விற்கவில்லை. ஒன்டாரியோவிலிருந்து இரண்டு பேர் வந்து ஆசையாகத் தடவிப் பார்த்தார்கள். குறி பார்க்கும் முனையில் விரிசல் இருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். எத்தனை குளிர்காலம் என் குடும்பம் அதனால் சாப்பிட்டிருக்கிறது. கையைவிட்டுப் போக மனம் வரவில்லை.

அடுத்த ஜூனில் ஹெட்லி கதவுக்குத் தடுப்புக்கட்டை வாங்க வந்தான். நான் மேசைமேல் அந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

“இது டெல்ஃபியோடதாச்சே,” என்றான்.

“ஆமா.”

“அவ அண்ணங்காரன்கிட்ட குடுத்திருப்பான்னு நெனச்சேன்.” ஒரு விரலால் கட்டைப் பகுதியைத் தொட்டான். “சமையலறைக் கதவுக்குப் பின்னால சாத்தி வச்சிருப்பா. இப்ப அது இல்லாததால கதவு போய் செவுத்துல இடிக்குது. அதுக்குத்தான் கட்டை வாங்க வந்தேன். என்ன விலை இது?”

ஆறாயிரம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் உண்மை வந்துவிட்டது. “நூத்திருபது.”

“அறுநூறு போகும்னுல்ல அவ சொல்லுவா?”

“உனக்காகத்தான்,” என்றேன். உலகத்தில் என்னைவிடப் பெரிய முட்டாள் அன்று இருந்திருக்க முடியாது. அவன் அப்போதே பையில் கையை விட்டான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அரசாங்கம் ஞாபகத்துக்கு வந்தது. “லைசென்ஸ் வேணும் ஹெட்லி. அது இல்லாம நான் குடுத்தா கடைய மூடிருவாங்க.”

கிழக்குக் கரை ஆயுத உரிம நிலையத்தின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை கடவுள்மேல்கூட இருந்ததில்லை. ஒரு படிவம் அங்கே போனால் திரும்பி வராது. எங்கள் ஊர் செலெஸ்டின் உரிமத்துக்காகக் காத்திருந்து கண்பார்வை போய், வேண்டாம் என்று எழுதிப் போட்டார். அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொள்வதற்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். ஹெட்லி வாழ்க்கையில் படிவம் நிரப்பியவன் அல்ல. வீட்டில் அதெல்லாம் அவள் வேலை. மூன்றாவது தாளில் சலித்து விட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்த வேலையை நிலையத்திடம் ஒப்படைத்தேன்.

அவன் காரில் பிரேக் சரியில்லை. நிலையத்துக்கு நாலு மணி நேரம் நான்தான் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

சன்னலுக்குப் பின்னால் மார்செல்லா என்கிற அம்மாள் இருந்தாள். நல்ல மனுஷி. எல்லோரையும் கண்ணு என்பாள். ஹெட்லி நிரப்பிய படிவத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“பதினேழாவது கட்டம் காலியா இருக்கே கண்ணு.”

தற்போதைய துணை, அல்லது கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் துணையாக இருந்தவர், விண்ணப்பதாரரிடம் துப்பாக்கி இருப்பது குறித்துத் தமக்குக் கவலை உண்டா இல்லையா என்று தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும். அதுதான் பதினேழாவது கட்டம்.

“அவ செத்துட்டா,” என்றான் ஹெட்லி.

“ஐயோ பாவமே. எப்ப?”

“அக்டோபர்ல.”

மார்செல்லா விரல்விட்டு எண்ணினாள். “எட்டு மாசம். ரெண்டு வருஷத்துக்குள்ளதான் வருது. கையெழுத்து வேணும் கண்ணு.”

ஹெட்லி இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை முழுக்கப் படித்து, உச்சுக் கொட்டி, திருப்பிக் கொடுத்தாள். “இது அவங்க இல்லங்கறதுக்கு அத்தாட்சி. அவங்களுக்குக் கவலை இல்லங்கறதுக்கு அத்தாட்சி இல்லையே.”

“செத்தவளுக்கு என்னங்க கவலை இருக்கப் போகுது?” அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“அத நாங்க ஊகிக்கக் கூடாது கண்ணு. விதி.”

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு பதினாறு மாசம் பொறுத்து வாங்களேன்,” என்றாள் மார்செல்லா. “அப்ப அவங்க கணக்குல வரமாட்டாங்க.”

“அவ கணக்குல வராத நாள்ல வந்து வாங்க எனக்கு இஷ்டமில்ல,” என்றான் ஹெட்லி.

அப்படியானால் ஒரு வழி இருக்கிறது என்றாள். கையெழுத்துப் போட முடியாத துணையை நிலையமே தொலைபேசியில் மூன்று முறை அழைத்துக் கருத்துக் கேட்கும். ஒரு முறை காலையில், ஒரு முறை மாலையில், ஒரு முறை வார இறுதியில்.

முதல் அழைப்பு புதன்கிழமை காலையில் வந்தது. திருமதி டெல்ஃபினா ஸ்நூக்குடன் பேச வேண்டும் என்றது ஒரு பையனின் குரல். கல்லறையில் இருக்கிறாள் என்றான் ஹெட்லி. எப்போது கூப்பிட்டால் வசதிப்படும் என்று கேட்டது குரல். இரண்டாவது முறை மாலையில் வந்தது. அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது அழைப்பு ஞாயிற்றுக்கிழமை. ஹெட்லிக்குப் போய் எடுக்கத் தெம்பில்லை. அடுப்பருகிலேயே நின்றான். மணி ஏழெட்டு முறை அடித்து நின்றதும், பேச்சைப் பதிவு செய்யும் பெட்டி எடுத்தது.

“நாங்க வீட்ல இல்ல,” என்றாள் டெல்ஃபினா. “காட்டுல இருப்போம், இல்ல தூங்கிட்டிருப்போம். சொல்ல வேண்டியத சொல்லி வைங்க. ஹெட்லி, இது ஓடுதா? சிவப்பு லைட்டு எரியுதா பாரு.”

அந்தப் பெட்டியை அவன் மறந்தே போயிருந்தான்.

பத்து நாள் கழித்து நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. கடையில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினான். ‘பதினான்காம் தேதி தங்கள் துணைவியாருடன் குரல்வழித் தொடர்பு கிடைத்தது. தாம் வீட்டில் இல்லை என்று அவர் தெரிவித்தார். துப்பாக்கி குறித்துத் திட்டவட்டமான கருத்து எதையும் அவர் கூறவில்லை. எனவே பதினேழாவது கட்டம் நிலுவையில் வைக்கப்படுகிறது. மற்றப் பரிசீலனைகள் தொடரும்.’

ஹெட்லி கடிதத்தை மடித்தான். “ஆம்ப், நாளைக்கு மூணு மணிக்கு என் வீட்டுக்கு ஒரு போன் போடறியா?”

“எதுக்கு?”

“நான் எடுக்க மாட்டேன்.”

போட்டேன். அந்த வாரம் முழுக்க தினமும் மூன்று மணிக்குப் போட்டேன். இந்தப் பக்கம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இலையுதிர் காலத்தில் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். நிலையத்தின் தலைமை அலுவலர் திரு. பார்ஃபிட்டே பாடம் நடத்தினார். ஒரு மரக்கட்டையைத் துப்பாக்கி வடிவில் செதுக்கி, கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதவுக் குமிழ்.

“நெஜத் துப்பாக்கி இல்லீங்களா?” என்று கேட்டேன்.

“நிலையத்தில் உண்மையான துப்பாக்கி வைத்துக்கொள்ள என் பெயரில் உரிமம் தேவை,” என்றார். “விண்ணப்பித்திருக்கிறேன். என் துணைவியார் பதினேழாவது கட்டத்தில் ‘யோசிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார்.”

“எப்பலேர்ந்து?”

“நான்கு ஆண்டுகளாக.” மரக்கட்டையை மேசைமேல் பத்திரமாக வைத்தார். “அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் பொறுப்பேற்ற நாள் முதல் இந்த நிலையம் வழங்கிய உரிமத்தால் ஒருவருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.”

“எத்தன லைசென்ஸ் குடுத்திருக்கீங்க?”

“அது வேறு பிரிவின் புள்ளிவிவரம்.”

ஹெட்லி தேறிவிட்டான். அந்தக் குமிழை மற்ற எல்லோரையும்விட மென்மையாகத் திருப்பினான் என்று சான்றிதழில் எழுதியிருந்தது.

நவம்பரில் நேர்முகம். பார்ஃபிட்டுக்கு முன்னால் படிவத்தின் இன்னொரு பக்கம் விரிந்திருந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நெருங்கியவரின் மரணம், மணமுறிவு, வேலையிழப்பு, மனச்சோர்வு இவற்றில் எதையாவது அனுபவித்தீர்களா? முதலாவதன் பக்கத்தில் ஹெட்லி ஒரு டிக் போட்டிருந்தான்.

“திரு. ஸ்நூக், இந்த நிலையம் துக்கத்துக்கு எதிரி அல்ல,” என்று ஆரம்பித்தார் பார்ஃபிட். “துக்கம் குடிமக்களின் உரிமை. அதன் அளவை மட்டும்தான் நாங்கள் கவனித்துக்கொள்கிறோம். வாரத்துக்கு எத்தனை முறை அழுகிறீர்கள்?”

“அழறதில்ல சார்.”

பார்ஃபிட்டின் பேனா நின்றது. “மனைவி இறந்தும் அழாத ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் நாளைக்கு மக்கள் என்னை என்ன கேட்பார்கள்?”

“அழுதா குடுப்பீங்களா?”

“ஓயாமல் அழுகிறவர் கையில் கொடுத்தால் மட்டும் கேட்க மாட்டார்களா?”

“அப்ப எத்தன தடவ அழுதா சரியா இருக்கும் சார்?”

“வாரத்துக்கு இரண்டு. ஆனால் விண்ணப்பதாரரிடம் அதை முன்கூட்டியே தெரிவிக்க எனக்கு அனுமதி இல்லை.”

“ரெண்டு,” என்றான் ஹெட்லி.

பார்ஃபிட் திருப்தியுடன் எழுதிக்கொண்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அழுத தேதியும் நேரமும் எழுதி, உறவினரல்லாத ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும்.

சாட்சி நான்தான். செவ்வாயும் வெள்ளியும் கடை சாத்துவதற்குமுன் வருவான். ஆணிப் பீப்பாய்மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொள்வான். நான் எதிரில் பேனாவுடன் நிற்பேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

“இன்னிக்கு வரல ஆம்ப்,” என்பான்.

“பரவால்ல, போட்டுடறேன்.”

“பொய்யில்லையா?”

“உள்ள அழுதியா?”

“அது எப்பவும்தான்.”

“அப்ப பொய்யில்ல.” கையெழுத்துப் போடுவேன். ஐந்து நிமிடம் என்று எழுதுவேன். போகிறபோது எனக்கு ஒரு டப்பாவில் பட்டாணி சூப்பு கொண்டுவந்திருப்பதை நினைவுபடுத்துவான். சூப்பு நன்றாக இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு வாரம். செவ்வாய் முடிந்தது, வெள்ளி முடிந்தது. சனிக்கிழமை ஒரு ஜோடி கையுறை வாங்க வந்தான். அளவு பார்க்க ஒன்றை மாட்டிக்கொண்டவன், இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. நான் கல்லாவைச் சுற்றிக்கொண்டு போய்த் தோளில் கை வைத்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

“மூணாயிருச்சு,” என்றான், குரல் திரும்பியதும். “இத எழுதிராத, ஆம்ப்.”

நான் எழுதவில்லை. அன்றைக்காவது அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். எதற்கு இப்போது, நிலையம் எப்படியும் கொடுக்கப் போவதில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். குறிப்பேட்டில் அந்த மாதம் முழுக்க செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று என் கையெழுத்தில் அழகாக இருக்கிறது.

நிலையம் என்னைக் கைவிட்டது மார்ச் மாதக் கடைசியில். நிதியாண்டு முடிவதற்குள் தீர்க்காத கோப்புகளுக்கு ஏற்ப ஆட்களைக் குறைப்போம் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்ததாம். பார்ஃபிட் ஒரே பிற்பகலில் நாற்பத்தொரு கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் உரிமம். கண் தெரியாத செலெஸ்டினுக்கும் ஒன்று வந்தது.

ஹெட்லியின் அட்டையோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: ‘பதினேழாவது கட்டம் நிலுவையில் உள்ளது. விற்பனையின்போது தொலைபேசியில் பூர்த்தி செய்யப்படும்.’

சனிக்கிழமை காலையில் வந்தான். முகம் மழித்து, அவள் அடக்கத்தன்று போட்டிருந்த கோட்டைப் போட்டிருந்தான். துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கம்பளி கையில் இருந்தது. அட்டையையும் நூற்றிருபது டாலரையும் கல்லாமேல் வைத்தான்.

நான் செய்ய வேண்டியதெல்லாம் நிலையத்துக்குப் போன் செய்து ஓர் எண் வாங்குவதுதான். போனை எடுத்தேன். வைத்தேன்.

“உக்காரு ஹெட்லி.”

“நின்னுக்கறேன்.”

சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பத்தடி தூரம், இரண்டு முறை மூச்சு வாங்கியது, நூற்றிருபது, சூப்பு. எதையும் விடவில்லை. அவன் துப்பாக்கியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்படியேவா சொன்னா? அவனும் அதுவும் மட்டும் தனியா இருக்க வேண்டாம்னு?”

“அப்படியேதான்.”

“எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப?”

“நல்லா இருக்கேன்னு.” கம்பளியின் ஓரத்தை விரலால் நீவினான். “அவ நெனச்சது தப்பில்ல ஆம்ப். நான் கதவுக்குத்தான் கேட்டேன், சத்தியமா. ஆனா பிப்ரவரில ஒரு நாலஞ்சு நாளு... அது வீட்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கே தெரியல.”

இந்த முறை பீப்பாய்மேல் நான்தான் உட்கார்ந்தேன். பிப்ரவரி முழுக்க அவன் என் எதிரில் இருந்திருக்கிறான், என் கையில் பேனா இருந்திருக்கிறது.

“என்ன மன்னிச்சுரு ஹெட்லி.”

“நீ என்ன பண்ணுவ. சூப்பு நல்லா இருந்துச்சுல்ல.” சிரித்தானா என்று தெரியவில்லை. “வெளியூர்க்காரன் எவனாச்சும் வந்தா குடுத்துரு. அவ சொன்ன விலைக்கே.”

அந்த ஜூனில் ஹாலிஃபாக்ஸ்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். இவ்வளவு மலிவா, என்ன கோளாறு என்று நாலு முறை கேட்டார். ஒரு கோளாறும் இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்லி இப்போது எங்கள் வீட்டில்தான் சமைக்கிறான். அழுகை வந்தால் கரண்டியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழுகிறான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் உடனே கிளம்பவில்லை. “போன் போடு,” என்றான்.

“எதுக்கு? அதான் வேணாம்னுட்டியே.”

“போடு. நான் பேசறேன்.”

மார்செல்லாதான் எடுத்தாள். அட்டை எண்ணைச் சொன்னான். தாள் புரளும் சத்தம் எனக்கே கேட்டது.

“எல்லாம் சரியா இருக்கு கண்ணு. பதினேழு மட்டும்தான் பாக்கி. துணைக்குக் கவலை உண்டா இல்லையா. எதுவும் தெரிய வந்துச்சா?”

“உண்டு,” என்றான் ஹெட்லி.

“என்னது?”

“உண்டுன்னு எழுதிக்கங்க.”

“இது நீங்க ஊகிக்கறதா, அவங்க சொன்னதா?”

“அவ சொன்னது. சாட்சி இங்கதான் இருக்காரு.”

போனை என்னிடம் நீட்டினான். தேதியைக் கேட்டாள், கிழமையைக் கேட்டாள், சொன்ன வார்த்தையைக் கேட்டாள். சொன்னேன். திரும்ப அவனிடம் கொடுத்தேன்.

“அப்ப உங்க உரிமம் ரத்தாயிருமே கண்ணு. புரியுதுல்ல?”

“புரியுது.”

“மேல்முறையீடு பண்ண முப்பது நாள்...”

“வேணாம்.”

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். பிறகு மார்செல்லாவின் குரலில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. “ஒரு கட்டம்கூட காலி இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து முழுசா நிரம்பின கோப்பு இது ஒண்ணுதான் கண்ணு. பார்ஃபிட் சார் கேட்டா பூரிச்சுப் போயிருவாரு.”

“என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க.”

“‘விண்ணப்பதாரரின் மனைவி டெல்ஃபினா ஸ்நூக்குக்கு அவரைக் குறித்துக் கவலை இருக்கிறது.’”

“இருக்கிறதுன்னா போட்டிருக்கீங்க?”

“ஆமா கண்ணு. இருந்ததுன்னு போட இந்தப் படிவத்துல வழி இல்ல.”

ஹெட்லி போனைக் காதோடு இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டான்.

“இன்னொரு தடவ படிங்க,” என்றான்.

அவள் அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை படித்தாள்.